லேப்ல ஹார்மோன் நியூரான் வளர்க்குறாங்களாமே, என் பையனுக்கு அது உதவுமா?

அக்கா, உங்க கேள்வியை முதல்ல சுருக்கமா சொல்லிடுறேன், மத்தவங்களுக்கும் புரியணும்ல. பையனுக்கு 17 வயசு, கிரேடு 11 படிக்கிறான், இன்னும் குரல் உடையல, மீசை அரும்பல, உயரம் மட்டும் போய்க்கிட்டே இருக்கு. டர்பன்ல டாக்டர் ரத்தம் எடுத்துப் பாத்துட்டு மூளைல இருந்து வரவேண்டிய ஹார்மோன் வரல, கால்மன் சிண்ட்ரோமா (பூப்பும் வாசனையும் சேர்ந்து பாதிக்கிற பிறவிக் குறைபாடு) இருக்கலாம்னு சொல்லி டெஸ்டோஸ்டிரோன்ங்கிற ஆண் ஹார்மோன் ஊசி ஆரம்பிக்கலாம்னு சொல்லிருக்காரு. அதுக்குள்ள சொந்தக்காரர் ஒருத்தர், மூளை ஸ்டெம் செல்லுல (பெருகி வேற செல்லா மாறக்கூடிய மூல செல்) இருந்து ஹார்மோன் சுரக்குற நியூரானையே, அதாவது நரம்பு செல்லையே, லேப்ல வளர்த்துட்டாங்க, வெளிநாட்டுல ஒரு கிளினிக்ல அதைப் போடுறாங்க, பணம் சேத்துக்கிட்டு போயிட்டு வாங்க, அதுவரை ஊசி வேண்டாம்னு சொல்லி உங்களைக் குழப்பிட்டாரு.

நான் டர்பன்ல காலேஜ்ல உடலியல் பாடம் எடுக்குறவன், ஹார்மோன் தான் என் பாடம், அதனால எனக்குத் தெரிஞ்சதை விலாவாரியா எழுதுறேன். லேப்ல வளர்த்தது நூத்துக்கு நூறு உண்மை. ஆனா அதை மனுஷ மூளைக்குள்ள வச்சு பூப்பு வரவைக்கிற சிகிச்சைன்னு ஒண்ணு இன்னைக்கு எந்த நாட்டுலயும் அங்கீகாரம் வாங்கி நடக்கல. ஊசியைத் தள்ளிப் போடாதீங்க. ஏன்னு கேட்டா கொஞ்சம் நீளமா சொல்லணும், பொறுமையா படிங்க.

நம்ம மூளைக்கு அடியில, கிட்டத்தட்ட ஒரு பாதாம் பருப்பு அளவுல ஹைபோதலாமஸ்னு ஒரு பகுதி இருக்கு. தாகம், பசி, உடம்புச் சூடு, தூக்கம், பால் சுரப்பு, பூப்பு எல்லாத்துக்கும் அங்க தனித்தனி நியூரான் கூட்டம் இருக்கு, இதுல சில நியூரானுங்க மத்த நியூரான் மாதிரி பக்கத்து செல்லுக்கு சிக்னல் குடுக்குறதோட நிக்காம ஹார்மோனை நேரா ரத்தத்துலயே விடும். மூளை செல் ஹார்மோன் சுரக்குதுன்னு 1928ல மீனோட மூளையைப் பாத்து எர்ன்ஸ்ட் ஷாரர் சொன்னப்போ ரொம்ப பேர் நம்பல, அப்புறம் அவரும் அவர் மனைவி பெர்ட்டாவும் வருஷக்கணக்கா வேலை செஞ்சு நிரூபிச்சாங்க. பூப்புக்கு உத்தரவு குடுக்குற ஹார்மோன் பேரு ஜிஎன்ஆர்ஹெச், பத்தே பத்து அமினோ அமிலம் சேர்ந்த குட்டி மூலக்கூறு. அதோட அமைப்பைக் கண்டுபிடிக்க ஆண்ட்ரூ ஷாலி குழு லட்சத்துக்கும் மேல பன்னி ஹைபோதலாமஸை அரைச்சு வடிகட்டுனாங்க, ரோஜர் கில்லெமின் குழு ஆட்டு மூளையில அதே வேலையைப் பண்ணாங்க, 1971ல விடை கிடைச்சுது, 1977ல ரெண்டு பேரும் நோபல் வாங்குனாங்க. அவ்வளவு மூளை தேவைப்பட்டதுக்குக் காரணம் இருக்கு, பெரியவங்க ஹைபோதலாமஸ் முழுக்க சேத்தாலே இந்த நியூரான் ஆயிரம் ரெண்டாயிரம் தான் இருக்கும். கோடிக்கணக்கான செல் இருக்குற மூளைல அந்த கைப்பிடி செல் தான் ஒரு பையனை ஆம்பளையாவும் ஒரு பொண்ணை பெரிய மனுஷியாவும் ஆக்குது. இத்தனை வருஷம் பாடம் எடுத்தும் எனக்கு இது இன்னும் பிரமிப்பா தான் இருக்கு.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். இந்த ஜிஎன்ஆர்ஹெச் நியூரான் மூளைல பிறக்குறதே இல்ல, மூக்குல பிறக்குது. தாய் வயித்துல கரு சின்னதா இருக்கும்போது மூக்கு உருவாகுற இடத்துல இந்த செல்லுங்க தோணி, வாசனை நரம்பு மூளைக்குப் போற பாதையைப் பிடிச்சுக்கிட்டே ஊர்ந்து, எலும்புல இருக்குற சின்னச் சின்ன ஓட்டை வழியா மூளைக்குள்ள நுழைஞ்சு, ஹைபோதலாமஸ்ல போய் உக்காருது. இதை 1989ல எலியில ஷ்வான்செல் ஃபுகுடாவும் டொனால்ட் பிஃபாஃபும் காமிச்சாங்க. அதே வருஷம் கால்மன் சிண்ட்ரோம் இருந்த ஒரு 19 வார சிசுவோட திசுவையும் அவங்க குழு சோதிச்சாங்க, அதுல ஜிஎன்ஆர்ஹெச் செல்லுங்க மூக்குல இருந்துச்சு, மூளைக்கு வெளிய அதைச் சுத்தியிருக்குற உறை வரைக்கும் வந்து கூட்டமா நின்னுட்டு இருந்துச்சு, மூளைக்குள்ள மட்டும் ஒண்ணு கூட இல்ல. அதாவது செல் உருவாகிடுச்சு, வழி தான் அடைபட்டுப் போச்சு.

உங்க பையனுக்கு சின்ன வயசுல இருந்தே வாசனை தெரியாதுன்னும், காவடி அன்னிக்கு கோயில்ல கற்பூரம் எரியும்போது கூட ஒண்ணுமே தெரியலன்னு சொல்லுவான்னும், பால் அடிபிடிச்சா கூட பக்கத்துல உக்காந்துட்டு இருப்பான்னும் எழுதிருந்தீங்கல்ல, டாக்டர் கால்மன்னு சந்தேகப்பட்டதுக்கு அது தான் பெரிய துப்பு. வாசனை நரம்பும் இந்த நியூரானும் ஒரே பாதையில போறதால ஒண்ணு கெட்டா இன்னொண்ணும் கெடுது. சும்மா லேட்டா வயசுக்கு வர்ற பசங்களுக்கு மூக்கு நல்லா வேலை செய்யும். ஃபின்லாந்துல கணக்கெடுத்தப்போ ஆண்பிள்ளைகள்ல 30,000 பேருக்கு ஒருத்தர், பெண்பிள்ளைகள்ல 1,25,000 பேருக்கு ஒருத்தர்னு வந்துச்சு, அபூர்வம் தான், ஆனா நீங்க மட்டும் தனியா இல்ல. நீங்க கர்ப்பமா இருக்கும்போது எதையோ சாப்பிட்டதால வந்ததோன்னு கேட்டிருந்தீங்க, இல்லவே இல்ல அக்கா, அந்த பாரத்தை இன்னைக்கே இறக்கி வச்சிடுங்க, இது ஜீன்ல வர்ற விஷயம்.

சரி, லேப் கதைக்கு வருவோம். 1992ல கனடாவுல கால்கரில ரெனால்ட்ஸ், வைஸ்னு ரெண்டு பேர் வளர்ந்த எலியோட மூளைல இருந்தே ஸ்டெம் செல்லைப் பிரிச்சு டிஷ்ல உருண்டை உருண்டையா வளர்த்தாங்க, வளர்ந்த மூளைல புது நியூரான் வராதுன்னு எல்லாரும் நம்பிட்டு இருந்த காலம் அது. 2004ல ஃப்ரெட் கேஜ், பாஸ்கோ ராகிச் இவங்களோட குழு எலியோட ஹைபோதலாமஸ்லயே அந்த மாதிரி முன்னோடி செல் இருக்குன்னு பிரிச்செடுத்து, அதை வளர்த்தா ஜிஎன்ஆர்ஹெச், ஆக்ஸிடோசின்னு பல விதமான ஹார்மோன் நியூரான் வருதுன்னு காமிச்சாங்க. உங்க சொந்தக்காரர் சொன்ன செய்தி இந்த வகையறா தான்னு நினைக்கிறேன். ஆனா உயிரோட இருக்குற மனுஷன் மூளைக்கு நடுவுல போய் ஸ்டெம் செல் எடுக்க முடியாது, அது ரொம்ப ஆபத்தான இடம். அந்த சிக்கலுக்கு வழி பண்ணது ஜப்பான்ல ஷின்யா யமனாகா, 2006ல எலி செல்லுலயும் 2007ல மனுஷத் தோல் செல்லுலயும் நாலு ஜீனை நுழைச்சு அதை கரு நிலைக்குத் திருப்பிட்டாரு, எந்த செல்லா வேணும்னாலும் மாறக்கூடிய நிலை, 2012ல அவருக்கு நோபல். இப்ப ஒருத்தரோட தோலோ கொஞ்சம் ரத்தமோ இருந்தா போதும், அதுல இருந்து நியூரான் வரைக்கும் போகலாம்.

எப்படி போறாங்கன்னா, கரு வளரும்போது இயற்கை எந்த வரிசையில எந்த சிக்னலைக் குடுக்குதோ அதே வரிசையை டிஷ்ல குடுக்குறாங்க. 2016ல ஹெல்சிங்கில தனேலி ரைவியோ குழு மனுஷ ஸ்டெம் செல்லுல இருந்து ஜிஎன்ஆர்ஹெச் நியூரான் எடுத்தாங்க. முதல்ல சுமார் பத்து நாள் ரெண்டு சிக்னலை மருந்து வச்சு அடைச்சா செல்லுங்க தோலாவோ குடலாவோ போகாம நரம்பு வழிக்கு வந்துடும், அடுத்து எஃப்ஜிஎஃப்8னு ஒரு வளர்ச்சிப் புரதத்தை ஊத்தி முன்மூளை, மூக்குப் பக்கம் திருப்புறாங்க, கடைசியா நாட்ச்னு சொல்ற சிக்னலை அடைச்சா செல்லு பெருகுறதை நிறுத்திட்டு நியூரானா முதிருது. மொத்தம் ஒரு மாசத்துக்குள்ள டிஷ்ல இருக்குற தண்ணியில ஜிஎன்ஆர்ஹெச் ஹார்மோனையே அளக்க முடிஞ்சுது. இதுல எனக்கு ரொம்ப ஆச்சரியமா பட்டது என்னன்னா, அந்த எஃப்ஜிஎஃப்8 ஜீன்லயோ அதை வாங்குற எஃப்ஜிஎஃப்ஆர்1 ஜீன்லயோ பிழை இருந்தா அதுவே கால்மனுக்குக் காரணம்னு நோயாளிங்க கிட்ட ஏற்கனவே கண்டுபிடிச்சிருந்தாங்க, எஃப்ஜிஎஃப்ஆர்1 2003ல, எஃப்ஜிஎஃப்8 2008ல. நோயாளி உடம்புல எது குறைஞ்சுதோ அதையே டிஷ்ல சேத்தா செல் வருது, ரெண்டு பக்கமும் கணக்கு அழகா பொருந்துது.

இன்னொரு வேலையும் சொல்லணும். ஜப்பான்ல யோஷிகி சசாய் குழு 2008ல எலி ஸ்டெம் செல்லுக்கு வெளிய இருந்து எந்த வளர்ச்சிப் புரதமும் குடுக்காம, வழக்கமா சேக்குற இன்சுலினைக் கூட எடுத்துட்டு வளர்த்தாங்க, பாத்தா செல்லுங்க தானாவே ஹைபோதலாமஸ் பக்கம் போய் வாசோபிரஸின் சுரக்குற நியூரானா ஆச்சு, அது சிறுநீர் அளவைக் கட்டுப்படுத்துற ஹார்மோன். 2011ல அதே கூட்டத்துல ஹிடெடாகா சுகா எலி ஸ்டெம் செல்லை உருண்டையா வளர்த்து பிட்யூட்டரி சுரப்பியையே (ஹைபோதலாமஸ் உத்தரவை வாங்கி விரை, சூலகத்துக்கு அனுப்புற சுரப்பி) உருவாக்கி, பிட்யூட்டரி எடுத்த எலிக்கு வச்சு அது வேலை செய்றதையும் காமிச்சாரு. 2016ல மனுஷ செல்லுலயும் அதைப் பண்ணிட்டாங்க. 2015ல அமெரிக்காவுல ரெண்டு குழு மனுஷ ஸ்டெம் செல்லுல இருந்து பசியைக் கட்டுப்படுத்துற ஹைபோதலாமஸ் நியூரானை வளர்த்தாங்க, உடல் பருமன் ஆராய்ச்சிக்கு இப்ப அது பெரிய உதவி.

இவ்வளவு தூரம் வந்துட்டாங்களே, அப்ப ஏன் என் பையனுக்குப் போட முடியாதுன்னு கேப்பீங்க, நியாயமான கேள்வி. செல்லை உருவாக்குறது பாதி வேலை தான் அக்கா. உங்க பையன் விஷயத்துல செல்லு உருவாகலங்கிறது பிரச்சனையே இல்லாம கூட இருக்கலாம், மேல சொன்ன சிசு மாதிரி அது சரியான இடத்துக்குப் போய்ச் சேரலங்கிறது தான் பிரச்சனை. இந்த நியூரான் ஹைபோதலாமஸ்ல உக்காந்து தன் வாலை மீடியன் எமினன்ஸ்னு ஒரு துளி இடத்துக்கு நீட்டணும், அங்க இருக்குற ரத்தக்குழாய் நேரா பிட்யூட்டரிக்கு இறங்குது, ஹார்மோன் ரெண்டு மூணு நிமிஷத்துல சிதைஞ்சு போயிடும், அதனால வேற எங்கயோ உக்காந்து சுரந்தா பிரயோஜனம் இல்ல. கையிலயோ முதுகுலயோ ஸ்டெம் செல் ஊசி போட்டா அது தானா மூளைக்குப் போய் வேலையை ஆரம்பிச்சிடும்னு எவனாவது சொன்னா அங்கயே எழுந்து வந்துடுங்க.

அடுத்தது தாளம். ஜிஎன்ஆர்ஹெச் ஒரேடியா ஊத்துற ஹார்மோன் கிடையாது, ஒண்ணு ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒரு சின்னத் துடிப்பா வரணும். 1978ல எர்ன்ஸ்ட் நோபில் குழு குரங்குல பண்ணிப் பாத்தாங்க, மணிக்கு ஒரு தடவை குடுத்தா பிட்யூட்டரி ஒழுங்கா வேலை செஞ்சுது, அதே மருந்தை நிறுத்தாம குடுத்தா பிட்யூட்டரி மொத்தமா அடங்கிப் போச்சு. காலிங் பெல்லை அமுக்கிட்டே நின்னா உள்ள இருக்குறவங்க ஒயரையே பிடுங்கி விட்டுடுவாங்கல்ல, அந்த மாதிரி. பிராஸ்டேட் புற்றுநோய்க்கு ஆண் ஹார்மோனை அடக்க இன்னைக்குப் போடுற ஊசி இந்தத் தத்துவத்துல தான் ஓடுது. அப்போ லேப்ல வளர்த்த செல்லு ஆயிரக்கணக்குல உள்ள போய் ஆளாளுக்கு இஷ்டத்துக்கு சுரந்தா பூப்பு வர்றதுக்குப் பதிலா இருக்குறதும் அடங்கிடும். எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்துல துடிக்கணும், அதுக்கு பக்கத்துல இருக்குற, தாளம் போட்டுக் குடுக்குற கிஸ்பெப்டின் நியூரான் கூட கனெக்ஷன் வேணும், அது மூளைக்குள்ள தான் அமையும்.

இது நடக்கவே நடக்காதுன்னு நான் சொல்லல, எலியில நடந்துருக்கு, அதுவும் ஸ்டெம் செல் காலத்துக்கு முன்னாடியே. ஜிஎன்ஆர்ஹெச் சுரக்க முடியாம பிறக்குற எலி வகை ஒண்ணு இருக்கு, 1982ல டோரத்தி க்ரீகர், மேரி கிப்சன் குழு நல்ல எலிக்கருவோட மூளைல இருந்து அந்தப் பகுதித் திசுவை எடுத்து இந்த எலியோட மூளைக்குள்ள, ஹைபோதலாமஸ் ஓரத்துல வச்சாங்க, சுருங்கிக் கிடந்த விரை வளர்ந்துச்சு. 1984ல அதே மாதிரி பண்ண பெண் எலிங்க கர்ப்பமே ஆச்சு! வச்ச நியூரான் தானா வாலை நீட்டி சரியான ரத்தக்குழாயைத் தேடிப் பிடிச்சிருந்துச்சு. 1980ல வாசோபிரஸின் இல்லாம லிட்டர் கணக்குல தண்ணி குடிக்கிற மாதிரி தாகத்தோட பிறக்குற பிராட்டில்போரோ எலிக்கும் இதே மாதிரி வச்சு சிறுநீர் குறைஞ்சுது. அதனால தான் விஞ்ஞானிங்க நம்பிக்கையை விடல. மனுஷ மூளைக்குள்ள ஸ்டெம் செல் நியூரான் வைக்கிறதும் ஆரம்பிச்சாச்சு, பார்க்கின்சன் நோய்க்கு டோபமைன் செல் வச்ச ரெண்டு சின்ன சோதனையோட முடிவு 2025ல வந்துச்சு, அமெரிக்கா, கனடா பக்கம் 12 பேர், க்யோட்டோல 7 பேர், பெரிய ஆபத்து இல்லன்னு தெரிஞ்சிருக்கு. ஆனா அது மண்டைல துளை போட்டு, உடம்பு செல்லை எதிர்க்காம இருக்க மாத்திரை குடுத்து, வருஷக்கணக்கா ஸ்கேன் எடுத்துப் பாக்குற வேலை, வேற வழி தேஞ்சு போன நோய்க்கு அந்த ஆபத்தை எடுக்கலாம். உங்க பையனுக்கு நல்ல மருந்து கையிலயே இருக்கு, அவன் மூளையைத் தொட வேண்டிய அவசியமே இல்ல.

கிளினிக் விஷயத்துல நான் கண்டிப்பா ஒண்ணு சொல்லணும், பயமுறுத்தணும்னு சொல்லல. இஸ்ரேல்ல அட்டாக்ஸியாங்கிற, உடல் அசைவு தடுமாறுற நோய் இருந்த ஒரு பையனை மாஸ்கோவுக்குக் கூட்டிட்டுப் போய் சிசு மூளை ஸ்டெம் செல்லை மூளைலயும் முதுகுத்தண்டு நீர்லயும் போட்டாங்க, சில வருஷம் கழிச்சு மூளைலயும் முதுகுலயும் கட்டி வந்துச்சு, சோதிச்சா அந்தக் கட்டி பையனோட செல்லே இல்ல, குடுத்தவங்களோட செல்லு. 2009ல மருத்துவ இதழ்ல வெளியான கேஸ் இது. பெருகுற சக்தி தான் ஸ்டெம் செல்லோட பலம், முழுசா முதிராத செல் நாலு கலந்திருந்தாலும் அதே சக்தி கட்டியா மாறும். உண்மையான கிளினிக்கல் டிரையல்னா நோயாளி கிட்ட லட்சக்கணக்குல ராண்ட் கேக்க மாட்டாங்க, எத்திக்ஸ் கமிட்டி அனுமதி, பதிவு நம்பர் எல்லாம் கேட்டதும் காமிப்பாங்க. நம்ம தென்னாப்பிரிக்காவுல மருந்து சோதனைக்கு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சாப்ரா அனுமதி வேணும், வெளிநாட்டுக் கிளினிக் கிட்டயும் அந்த நாட்டு அனுமதியை எழுத்துல கேளுங்க, மழுப்புனா விட்டுடுங்க.

அப்ப லேப் வேலையால உங்களுக்கு என்ன லாபம்னா, அது நோயைப் புரிஞ்சுக்குற கருவி. கால்மன், அது சார்ந்த குறைபாடுங்களுக்கு 40க்கும் மேல ஜீன் தெரிஞ்சிருக்கு, அப்படியும் நிறைய குடும்பத்துல காரணம் பிடிபடல. நோயாளி ரத்தத்துல இருந்து நியூரான் வளர்த்து அது எந்த இடத்துல தடுமாறுதுன்னு டிஷ்லயே பாக்கலாம், பிழையைத் திருத்திட்டு திரும்ப ஓட விட்டுப் பாக்கலாம். பத்து பதினஞ்சு வருஷம் முன்னாடி இதெல்லாம் கனவு.

இப்ப கையில இருக்குறது என்னன்னு சொல்றேன். டெஸ்டோஸ்டிரோன் ஊசி கொஞ்சமா ஆரம்பிச்சு படிப்படியா ஏத்துவாங்க, குரல், தசை, முடி, எலும்பு பலம் எல்லாம் வரும், தள்ளிப் போட்டா எலும்பு தான் முதல்ல அடி வாங்கும், மனசும் தான், அடுத்து வர்ற மேட்ரிக் (கிரேடு 12) வருஷத்துல கூட படிக்கிற பசங்க கேலியை அவன் எவ்வளவு நாள் தாங்குவான். டெஸ்டோஸ்டிரோன் மட்டும் போட்டா விந்தணு வராது, குழந்தை வேணும்ங்கிற காலத்துல விரையைத் தூண்டி விந்தணு வரவைக்கிற ஹெச்சிஜி, எஃப்எஸ்ஹெச் ஹார்மோன் ஊசி போடுவாங்க, இல்லன்னா ஜிஎன்ஆர்ஹெச் பம்ப், அது மணிக்கணக்கு வச்சு தோலுக்கடியில துடிப்பு துடிப்பா மருந்தை விடும், காணாம போன நியூரான் செய்ய வேண்டிய அதே வேலை. ஆறு மாசத்துல இருந்து ரெண்டு வருஷம் வரை ஆகலாம், ஆனா நிறைய பேர் அப்பா ஆகிருக்காங்க. அதே ரைவியோ 2007ல பாஸ்டன் குழு கூட சேர்ந்து எழுதின ஆராய்ச்சில, சிகிச்சை எடுத்த ஆம்பளைங்கள்ல பத்துல ஒருத்தருக்கு பிற்பாடு மருந்தை நிறுத்துனாலும் ஹார்மோன் தானா வந்துச்சுன்னு இருக்கு, அதனால டாக்டர் சொல்லும்போது நடுவுல நிறுத்திப் பாக்குறதும் வழக்கம்.

அடுத்த தடவை ஆல்பர்ட் லுத்தூலி ஆஸ்பத்திரி எண்டோக்ரைன் கிளினிக்குக்கோ மெடிக்கல் எய்ட் காப்பீட்டுல தனியார் டாக்டர் கிட்டயோ போகும்போது மூளை எம்ஆர்ஐல வாசனைக் குமிழ் (வாசனை நரம்பு போய்ச் சேர்ற மூளைப் பகுதி) இருக்கான்னு பாத்தாச்சான்னு கேளுங்க, கிட்னி ஸ்கேனும் கேளுங்க, கால்மன் இருக்குறவங்க சில பேருக்கு ஒரு கிட்னி மட்டும் தான் இருக்கும், ஃபுட்பால் ஆடுற பையன்னா அது தெரிஞ்சிருக்கணும். எலும்பு அடர்த்தி ஸ்கேன், காது சோதனையும் எடுத்துடுங்க. டெஸ்டோஸ்டிரோன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே எதிர்காலத்துல குழந்தை வேணும்னு டாக்டர் கிட்ட வாய் விட்டுச் சொல்லிடுங்க, விரை ரொம்ப சின்னதா இருந்தா சில டாக்டருங்க முதல்ல எஃப்எஸ்ஹெச் குடுக்க யோசிப்பாங்க. அப்புறம் சின்னவனுக்கு 11 வயசுன்னு எழுதிருந்தீங்க, இது சில குடும்பத்துல அம்மா வழியா பசங்களுக்கு வரும், உங்க அண்ணன் தம்பி, தாய்மாமா யாருக்காவது வாசனை தெரியாம இருந்துச்சான்னு பெரியவங்க கிட்ட விசாரிங்க, சின்னவனைக் கண்ணைக் கட்டி காப்பித்தூள், ஆரஞ்சுத் தோல், கற்பூரம் குடுத்து என்னன்னு சொல்லச் சொல்லிப் பாருங்க. தெரியலன்னா 14 வரைக்கும் காத்திருக்காம அவனையும் அதே டாக்டர் கிட்ட காமிச்சிடுங்க.